சாலிட் மெக்கானிக்ஸில் ஆராய்ச்சி செய்யலாமா? ஜூனியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் கேட் (பொறியியல் முதுகலை நுழைவுத் தேர்வு) ரிசல்ட் வந்த வாரத்தில் என் போனுக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கும். கேட்பவர்கள் கல்லூரி ஜூனியர்கள், அவர்களுடைய நண்பர்கள், சில சமயம் அவர்களுடைய அப்பாக்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஒரு சின்ன ஊர் சுயநிதிக் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்து, இரண்டு வருடம் எஃப்.இ.ஏ. (ஒரு பாகம் சுமையைத் தாங்குமா என்று கணினியில் கணக்கிடும்) வேலை பார்த்து, அப்புறம் விரிசல்களைப் பற்றி பிஎச்.டி. செய்தவன். ஆகவே பதில்களில் என் சாய்வு இருக்கும். தொகைகளும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அண்ணா, சாலிட் மெக்கானிக்ஸ் என்றால் மூன்றாம் செமஸ்டரில் படித்த எஸ்.ஓ.எம். (பொருள்களின் வலிமை) தானே?

அது வாசல்படி. திடப்பொருள்கள் சுமையில் எப்படி வளைகின்றன, நீள்கின்றன, உடைகின்றன என்பதுதான் மொத்தத் துறையும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அந்தப் பக்கம் குழந்தைகூடக் கிழித்துவிடும். வெட்டு இல்லாத பக்கம் ஈரக் கையோடு போராடி, கடைசியில் பல்லுக்குத்தான் வேலை. பிளாஸ்டிக்கும் அதேதான், கையும் அதேதான். வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

வெட்டின் நுனியில் தகைவு (ஸ்ட்ரெஸ், அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் விசை) குவிகிறது. 1913-இல் இங்லிஸ் ஒரு தகட்டிலுள்ள நீள்வட்டத் துளைக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். வட்டத் துளையாக இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு 3 மடங்கு. துளை ஒடுங்கி விரிசல் மாதிரி ஆக ஆக அந்த மடங்கு எல்லையில்லாமல் ஏறும். சரி, அப்படியானால் கூரான விரிசல் உள்ள எந்தப் பொருளும் தொட்டவுடன் உடைய வேண்டுமே, ஏன் உடைவதில்லை? 1921-இல் கிரிஃபித் பதில் சொன்னார். தகைவைப் பார்க்காதே, ஆற்றலைப் பார். விரிசல் நீளும்போது விடுபடும் ஆற்றல், புதிதாக இரண்டு பரப்புகளை உண்டாக்கத் தேவையான ஆற்றலுக்கு ஈடுகொடுத்தால்தான் விரிசல் ஓடும். இந்த ஒரு யோசனையிலிருந்து கிளைத்த கேள்விகளுக்கு நூறு வருடம் கழித்தும் ஆட்கள் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.

கம்ப்யூட்டேஷனல் மெக்கானிக்ஸ் (இதே கணக்குகளைக் கணினியில் போடுவது) தனித் துறையா?

பாதி தனி. சமன்பாடுகள் பழையவை. ஆனால் நிஜ வடிவங்களுக்கு அவற்றைக் கையால் தீர்க்க முடியாது. 1950-களில் போயிங்கில் விமான இறக்கையின் விறைப்பைக் கணக்கிட வடிவத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பார்த்தார்கள். டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோரின் கட்டுரை 1956-இல் வந்தது. ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்ற பெயரை 1960-இல் கிளஃப் வைத்தார். அவர் சிவில்காரர் என்பதை மெக்கானிக்கல் பசங்களுக்கு நான் அடிக்கடி நினைவுபடுத்துவேன். இன்று இந்தத் துறையில் பாதிப் பேர் கணிதப் பக்கம் (இந்தத் துண்டாக்கல் சரியான விடைக்குப் போய்ச் சேருமா, எவ்வளவு வேகமாகச் சேரும்), மீதிப் பேர் பொருள்களின் பக்கம்.

ஆன்சிஸ், அபாகஸ் மென்பொருள்கள் நன்றாகத் தெரியும். ஆராய்ச்சிக்கு அது போதுமா?

போதாது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேலை பார்த்த இடத்தில் எனக்கு ஒரு ‘எல்’ வடிவ பிராக்கெட் வந்தது. உள்மூலை கூராக இருந்தது, ஃபில்லெட் (மூலையை உருட்டிவிடும் வளைவு) கிடையாது. அங்கே அதிகபட்சத் தகைவு 180 மெகாபாஸ்கல். அனுமதி 200. ரிப்போர்ட் போடலாம். எதற்கும் இருக்கட்டும் என்று மெஷ்ஷை (வடிவத்தை வெட்டிய துண்டுகளின் அளவை) பாதியாக்கி ஓட்டினேன், 247 வந்தது. மறுபடி பாதியாக்கினால் 338. டீம் லீடரிடம் போய்க் காட்டினேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, “பழைய மெஷ்ஷையே போடுப்பா, டைம் இல்ல” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த மூன்று எண்ணில் எதுவுமே சரியில்லை. மீட்சியியல் கணக்குப்படி கூரான உள்மூலையில் தகைவுக்கு எல்லையே கிடையாது. மெஷ்ஷைச் சிறிதாக்கினால் எண் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஏறும் விகிதத்தைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடலாம்: 90 டிகிரி உள்மூலைக்கு ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் ஏறக்குறைய 1.37 மடங்கு. என் எண்களை வகுத்துப் பாருங்கள். இது மென்பொருளின் குறையும் இல்லை, அதை மென்பொருள் உங்களுக்குச் சொல்லப்போவதும் இல்லை. அது அழகாகச் சிவப்பு, மஞ்சள், நீலத்தில் படம் போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான்.

“இந்த எண்ணை ஏன் நம்ப வேண்டும்?” என்று கேட்டு, கடைசிவரை அதை விடாமல் துரத்துவதுதான் ஆராய்ச்சி. பட்டன் எங்கே இருக்கிறது என்பது இரண்டு வாரத்தில் வந்துவிடும். தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களும் நேர்காணலில் பட்டனைப் பற்றிக் கேட்பதில்லை. “எல்லை நிபந்தனை என்ன கொடுத்தாய், ஏன் கொடுத்தாய், கையால் ஒரு மதிப்பீடு போடு பார்க்கலாம்” என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அப்படியானால் கோடிங் எந்த அளவுக்கு வேண்டும்?

நீங்களே ஒரு சின்ன ஃபைனைட் எலிமென்ட் புரோகிராம் எழுதி, அது சரிதான் என்று நிரூபித்துக் காட்டும் அளவுக்கு. கவனியுங்கள், இரண்டாவது பாதிதான் கனமானது.

பைத்தானில் ஒரு பரிமாணக் கம்பியில் தொடங்குங்கள். அப்புறம் இரண்டு பரிமாண முக்கோணம். முதலில் பேட்ச் டெஸ்ட்: தாறுமாறாக வெட்டிய நாலைந்து எலிமென்ட்களில் ஒரே சீரான திரிபைக் (ஸ்ட்ரெய்ன், அதாவது நீளத்துக்கு எவ்வளவு நீண்டது என்ற விகிதம்) கொடுத்தால் எல்லா இடத்திலும் அதே திரிபு வர வேண்டும். வரவில்லையென்றால் கோடில் எங்கோ பிழை. அடுத்தது துளையுள்ள தகடு. மேலே சொன்ன அந்த 3 வருகிறதா? உங்களுக்கு 2.6 வரும், எல்லோருக்கும் முதலில் அதுதான் வரும். மெஷ்ஷை நெருக்க நெருக்க 3-ஐ நோக்கிப் போகிறதா, தகடு அகலம் போதுமா என்று பாருங்கள். அப்புறம் விடை தெரிந்த கணக்கு ஒன்றை எடுத்து, மெஷ் அளவுக்கு எதிராகப் பிழையை லாக் வரைபடத்தில் போட்டுச் சாய்வை அளந்து பாருங்கள். கோட்பாடு சொல்லும் சாய்வு கிடைத்த ராத்திரி தூக்கம் வராது. இத்தனைக்கும் சேர்த்து 400 வரி கோடு இருந்தால் அதிகம்.

இதை முடித்த பிறகு பெரிய இலவசக் கருவிகளுக்குப் போகலாம்: ஃபீனிக்ஸ், டீல்.டூ, பிரான்ஸின் மின் நிறுவனமான இ.டி.எஃப். வளர்த்த கோட் ஆஸ்டர், கால்குலிக்ஸ், மெஷ் போட ஜிமெஷ், படம் பார்க்க பாராவியூ. டீல்.டூ-வின் பாடங்கள் படிப்படியாக எண் போட்டு இருக்கும், அவற்றில் பத்தைச் செய்தால் சி++ தானாகவே வந்துவிடும். அபாகஸில் புதிய பொருள் விதியைச் சேர்க்க இன்னமும் ஃபோர்ட்ரான் கேட்பார்கள், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள்: கிராக் செய்த மென்பொருளில் எடுத்த முடிவுகளைக் கட்டுரையிலோ விண்ணப்பத்திலோ போடாதீர்கள். மாணவர்களுக்கான இலவசப் பதிப்புகளே இருக்கின்றன. அபாகஸின் கற்றல் பதிப்பில் 1,000 நோடு வரைதான் அனுமதி. கற்றுக்கொள்ள அது தாராளம்.

கேட் தேர்வில் எந்தப் பேப்பர் எழுதலாம்?

உங்கள் பிரிவின் பேப்பரே (மெக்கானிக்கலுக்கு எம்.இ., சிவிலுக்கு சி.இ., ஏரோஸ்பேஸுக்கு ஏ.இ.) பாதுகாப்பானது. அது தவிர எக்ஸ்.இ. (பொறியியல் அறிவியல்) என்று ஒரு பேப்பர் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. அதில் பொதுத் திறன் 15 மதிப்பெண், பொறியியல் கணிதம் 15, மீதி 70-க்கு நீங்கள் விரும்பும் இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 35. அந்தப் பிரிவுகளில் ஒன்று சாலிட் மெக்கானிக்ஸ். தெர்மோவும் மெஷினிங்கும் படிக்கப் பிடிக்காதவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் எக்ஸ்.இ. மதிப்பெண்ணைப் பொதுத்துறை நிறுவனங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை, எல்லா எம்.டெக். பிரிவுகளும் ஏற்பதில்லை. இரண்டு பேப்பர் எழுத வழி இருக்கிறது. அட்டவணையில் எவை சேர்ந்து வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும்.

எம்.டெக்.கா, எம்.எஸ்.ஸா, நேரடி பிஎச்.டி.யா?

எம்.டெக். என்றால் பாடங்கள் அதிகம், கடைசி வருடம் புராஜெக்ட், கேம்பஸ் வேலைக்கு ஏற்றது. சேர்க்கை கேட் மதிப்பெண்ணை வைத்தே நடக்கும். எம்.எஸ். என்பது ஆராய்ச்சிப் பட்டம். சென்னை ஐ.ஐ.டி.யில் இது பிரபலம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இதே மாதிரியான பட்டத்துக்கு எம்.டெக். ரிசர்ச் என்று பெயர். பாடங்கள் குறைவு, ஆய்வேடு அதிகம், நேர்காணல் உண்டு. இரண்டு வருடத்தில் முடிப்பவர்கள் அரிது. ஆனால் “எனக்கு ஆராய்ச்சி ஒத்துவருமா?” என்று தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. பிடித்துப்போனால் அப்படியே பிஎச்.டி.க்கு மாறிக்கொள்ளவும் பல இடங்களில் வழி இருக்கிறது. சந்தேகத்தோடு வருபவர்களுக்கு நான் எம்.எஸ்.ஸைத்தான் சொல்வேன்.

நேரடி பிஎச்.டி.க்கு, நல்ல மதிப்பெண்ணும் தெளிவான ஆர்வமும் உள்ள பி.இ. முடித்தவர்களை ஐ.ஐ.டி.களும் அறிவியல் கழகமும் எடுக்கின்றன. தொகை: எம்.டெக்.கில் மாதம் 12,400 ரூபாய். பிஎச்.டி.யில் முதல் இரண்டு வருடம் 37,000, அப்புறம் 42,000. பிஎச்.டி. தொகையை இப்படி உயர்த்தியது 2023-இல். பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 70,000-இல் தொடங்கி 80,000 வரை போகும். அதற்குப் போட்டி கடுமை, வாரந்தோறும் வேறு கல்லூரிக்குப் பாடம் எடுக்கும் கடமையும் சேர்ந்தே வரும்.

இந்தியாவில் எங்கெங்கே இந்தத் துறை உயிரோடு இருக்கிறது?

முதலில் ஒரு தகவல்: “சாலிட் மெக்கானிக்ஸ் துறை” என்று போர்டு வைத்த கட்டடத்தைத் தேடாதீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் அப்ளைடு மெக்கானிக்ஸ் என்றே ஒரு துறை உண்டு, இப்போது பயோமெடிக்கலும் பெயரில் சேர்ந்திருக்கிறது. பெங்களூரில் மெக்கானிக்கல், ஏரோஸ்பேஸ், சிவில், மெட்டீரியல்ஸ் என்று நான்கு துறைகளில் சிதறிக் கிடக்கிறது. பம்பாய், கான்பூர், காரக்பூர், ஹைதராபாத் ஐ.ஐ.டி.களிலும் அதே கதை. பேராசிரியர் பட்டியலைத் துறை துறையாகத் திறந்து பார்ப்பதுதான் ஒரே வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆகும்.

நம்மவர்கள் தவறவிடுவது ஆய்வகங்களை. தரமணியில் சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நிலநடுக்கம், உலோகச் சோர்வு (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் சேதம்), காற்றின் விசை என்று எல்லாம் உண்டு. உயர் அழுத்த மின் கோபுரங்களை நிஜ அளவிலேயே நிறுத்தி, உடையும்வரை இழுத்துப் பார்க்கும் நிலையமும் அவர்களுடையதுதான். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். வேக ஈனுலையில் 500 டிகிரியைத் தாண்டிய சோடியத்தோடு வருடக்கணக்கில் இருக்கும் எஃகு மெல்ல மெல்ல இழுபட்டு நீளும் கணக்குகள் அங்கே அன்றாட வேலை, பிஎச்.டி. ஹோமி பாபா தேசியப் பல்கலை வழியாக. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தில் ‘ஃபீஸ்ட்’ என்ற சொந்த ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளையே உருவாக்கியிருக்கிறார்கள். பெங்களூரில் தேசிய வான்வெளி ஆய்வகங்கள் (என்.ஏ.எல்.). இங்கெல்லாம் சோதனைக்கூடமும் கணிப்பும் ஒரே சுவருக்குள் இருக்கும். நீங்கள் கணித்த விரிசல் பாதையும் நிஜ விரிசல் போன பாதையும் வேறுவேறாக இருப்பதை நேரில் பார்க்கும் அனுபவத்துக்கு ஈடே கிடையாது.

சுயநிதிக் கல்லூரி, 7.1 சி.ஜி.பி.ஏ., இரண்டு அரியர் வைத்து எடுத்தேன். வாய்ப்பு இருக்கிறதா?

எனக்கு 7.3, அரியர் ஒன்று. வாய்ப்பு இருக்கிறது, சுற்று வழியாக. முதலாவது, நல்ல கேட் மதிப்பெண். இரண்டாவது, நான் போன பாதை: ஐ.ஐ.டி.களிலும் ஆய்வகங்களிலும் புராஜெக்ட் அசோசியேட், ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) என்று தற்காலிகப் பணிகளுக்கு அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். ஒரு குறிப்பிட்ட திட்டத்தின் நிதியில் ஒன்றிரண்டு வருடம். சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் உங்கள் கல்லூரிப் பெயரை மறந்துவிட்டு உங்கள் வேலையை மட்டும் பார்க்கும் ஒரு பேராசிரியர் கிடைப்பார், அவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்கு எங்கும் மதிப்பு உண்டு. எனக்கு அந்தப் பணி கிடைத்தது மேலே சொன்ன 400 வரி கோடினால்தான். நேர்காணலில் லேப்டாப்பைத் திறந்து லாக் வரைபடத்தைக் காட்டினேன். சி.ஜி.பி.ஏ. பற்றி யாரும் கேட்கவில்லை.

இன்னும் இரண்டாம் வருடம்தான். இப்போதே என்ன செய்ய?

லீனியர் அல்ஜீப்ராவையும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளையும் பாஸ் ஆவதற்காகப் படிக்காமல் ஒழுங்காகப் படியுங்கள். என்.பி.டெல். (ஐ.ஐ.டி.களின் இணையப் பாடங்கள்) வீடியோக்கள் இலவசம். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள், நல்ல ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. தனியாகவும் கோடைத் திட்டம் நடத்துகிறது. கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் 12 வாரம், ஜெர்மனியின் டாட் வைஸ் திட்டம் போன்ற வெளிநாட்டு ஆராய்ச்சிப் பயிற்சிகள் மூன்றாம் வருடத்தவர்களுக்கு, சிலவற்றில் கல்லூரிக் கட்டுப்பாடு உண்டு.

வெளிநாடு போவது நல்லதா? அமெரிக்காவா, ஜெர்மனியா?

இரண்டின் கணக்கும் அடிப்படையிலேயே வேறு. அமெரிக்காவில் பி.இ. முடித்து நேராக பிஎச்.டி. சேரலாம், ஏறக்குறைய 5 வருடம், முதலில் பாடங்கள், தகுதித் தேர்வு, அப்புறம் ஆராய்ச்சி. கட்டணத் தள்ளுபடியும் மாதத் தொகையும் பாட உதவியாளராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ வேலை செய்வதற்குக் கிடைக்கும். செப்டம்பர் சேர்க்கைக்கு முந்தைய டிசம்பரை ஒட்டியே கடைசித் தேதி. ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. எம்.எஸ். மட்டும் கடன் வாங்கிப் போய்ச் செய்துவிட்டு அங்கே பிஎச்.டி. பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ரூபாய்க் கணக்கை இரண்டு முறை போட்டுப் பாருங்கள். டெக்சஸில் ஆஸ்டினிலுள்ள ஓடன் நிறுவனம் மாதிரி கணிப்பு அறிவியலுக்கென்றே கட்டிய இடங்கள் அங்கே உண்டு, அது ஒரு பலம்.

ஜெர்மனியில் பெரும்பாலும் முதுகலை முடித்திருக்க வேண்டும். பிஎச்.டி. அங்கே படிப்பு என்பதைவிட உத்தியோகம். டி.வி.எல். 13 என்ற அரசு ஊதியத் தரத்தில் ஒப்பந்தம் போடுவார்கள். முழு வேலையா, 65 சதவீதமா, 75 சதவீதமா என்று அறிவிப்பிலேயே இருக்கும், அதைப் படிக்காமல் சந்தோஷப்படாதீர்கள். நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளிலும் நீங்கள் ஊழியர்தான். அங்கெல்லாம் காலியிடம் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு சீசன் என்று கிடையாது. ஜெர்மனியில் நம் துறை பலசமயம் சிவில் துறைக்குள் கட்டமைப்பு நிலையியல் என்ற பெயரில் ஒளிந்திருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளை நான் தனியாகப் பரிந்துரைப்பேன். சம்பளம் நன்றாக இருக்கும், இரண்டு மூன்று நாட்டு ஆய்வகங்களில் இருக்கலாம். முக்கிய நிபந்தனை: சேரும் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து நேராகப் போகிற நமக்கு இது தடையே இல்லை, ஏற்கெனவே அங்கே மாஸ்டர்ஸ் படிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

பேராசிரியருக்கு மெயில் போட்டால் பதிலே வருவதில்லை, ஏன்?

நான் ஒரே இரவில் 43 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினேன். அதில் ஆறு பேருக்கு முந்தையவரின் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார்: “அது நான் இல்லை.” நியாயம்தானே.

அடுத்த வருடம் 9 பேருக்கு மட்டும் எழுதினேன், நான்கு பதில் வந்தது. ஒவ்வொருவருடைய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்திருந்தேன். மெயிலில் மூன்றே பத்தி: நான் யார், உங்கள் இந்தக் கட்டுரையில் இந்தப் படத்தில் எனக்கு எழுந்த இந்தக் கேள்வி, நான் எழுதிச் சரிபார்த்த இந்தக் கோடு இந்த இணைப்பில். கேள்வி முட்டாள்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, உண்மையான கேள்வியாக இருக்க வேண்டும். “ரெஸ்பெக்டட் சார், சிறு வயது முதலே எனக்கு ஆராய்ச்சியில் தீராத தாகம்” என்று ஆரம்பிக்கும் மெயில்களுக்கு இப்போது நானே பதில் போடுவதில்லை.

இப்போது எந்தத் தலைப்பு சூடாக இருக்கிறது?

சூடானது நீங்கள் முடிப்பதற்குள் ஆறிவிடும். ஆனாலும் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

என் பக்கத்திலிருந்து தொடங்கினால் விரிசல். வழக்கமான சமன்பாடுகள் இடப்பெயர்ச்சியை வகையிடச் சொல்லும். விரிசல் வந்த இடத்தில் இடப்பெயர்ச்சியே துண்டுபட்டுப் போகிறது, எதை வகையிடுவது? இதற்குப் பலர் பலவழி கண்டார்கள். 1999-இல் வந்த விரிவாக்க ஃபைனைட் எலிமென்ட் முறை, துண்டுபடுதலை எலிமென்ட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்தது. 1998-இல் பிராங்க்ஃபோர்ட்டும் மரிகோவும் கிரிஃபித்தின் யோசனையை ஆற்றல் குறைப்புக் கணக்காக மாற்றி எழுதினார்கள். இரண்டு வருடத்தில் அது ஃபேஸ் ஃபீல்டு முறையாக உருவெடுத்தது: கூரான விரிசலை ஒரு மெல்லிய மங்கலான பட்டையாகப் பரப்பிவிடு, அது எங்கே திரும்பும், எங்கே கிளைக்கும் என்று ஆற்றலே சொல்லிவிடும். 2000-இல் சாண்டியா ஆய்வகத்தின் சில்லிங் வேறொரு வழி பிடித்தார். வகையிடலையே தூக்கிப் போட்டுவிட்டு, தொகையிடலை மட்டும் வைத்துச் சமன்பாட்டை எழுதினார். அதன் பெயர் பெரிடைனமிக்ஸ். இந்த இரண்டு முகாமும் மாநாடுகளில் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வது பார்க்கத் தமாஷாக இருக்கும். ஃபேஸ் ஃபீல்டுக்கு மெஷ் மிக நெருக்கமாக வேண்டும் என்பதால் கணினிச் செலவு தலைவலி, பெரிடைனமிக்ஸில் எல்லைகளைக் கையாள்வது தலைவலி. இரண்டிலும் செய்ய வேலை நிறைய பாக்கி இருக்கிறது.

மற்றவை: லித்தியத்தை உள்ளிழுத்தால் கன அளவு சுமார் 300 சதவீதம் பெருகி நொறுங்கும் சிலிக்கான் பேட்டரி மின்வாய்கள், ஹைட்ரஜன் புகுந்து உடையக்கூடியதாகும் எஃகு, 3டி அச்சில் எஞ்சி நிற்கும் தகைவுகள், இதயத் தசை மாதிரி மென்மையான பொருள்கள், வடிவத்தாலேயே விசித்திரமாக நடந்துகொள்ளும் மெட்டாமெட்டீரியல்கள்.

இயந்திரக் கற்றல்? ஃபைனைட் எலிமென்ட்டை நியூரல் நெட்வொர்க் ஓரங்கட்டிவிடும் என்று 2019 வாக்கில் பெரிய பரபரப்பு. சாதாரணமான நேர்க் கணக்குகளில் ஃபைனைட் எலிமென்ட்தான் இன்னமும் வேகம், துல்லியம் இரண்டிலும் முன்னே நிற்கிறது. அளவீடுகளிலிருந்து பொருளின் பண்பைத் திருப்பிக் கண்டுபிடிக்கும் கணக்குகளிலும், ஆயிரம் முறை ஓட்ட வேண்டிய கணக்குக்கு விரைவான மாற்று ஒன்று தேவைப்படும்போதும் இயந்திரக் கற்றலுக்கு நிஜமான இடம் இருக்கிறது. மெக்கானிக்ஸ் தெரிந்து இதைச் செய்பவர்களுக்கு நல்ல கிராக்கி. தெரியாமல் செய்பவர்களின் கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு வாங்கி நான் நொந்துபோயிருக்கிறேன்.

கைடை (ஆய்வு வழிகாட்டியை) எப்படித் தேர்ந்தெடுப்பது?

நிறுவனத்தின் பெயரைவிட இது முக்கியம். எனக்கு முதலில் அமைந்தவர் பெரிய பெயர், ஆனால் நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்க முடிந்தது, தலைப்பு மூன்று முறை மாறியது. ஒரு வருடம் வீணான பிறகு வேறொருவரிடம் மாறினேன். மாற முடியும் என்பதே பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். சேரும் முன் அங்கே இருக்கும் மாணவர்களிடம், கைடு பக்கத்தில் இல்லாதபோது, மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசியாக முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? பாதியில் போனவர்கள் எத்தனை பேர்? வாரம் எத்தனை முறை சந்திப்பு? பதில் சொல்லாமல் சிரித்தால் அதுவும் பதில்தான்.

சார், என் மகள் இதைப் படிக்க வேண்டும் என்கிறாள். ஐந்து வருடம், அப்புறம் வேலை கிடைக்குமா?

ஒரு அப்பா கேட்டது, அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். கிடைக்கும் சார். டயர், கார், விமான எஞ்சின் கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகள் சென்னை, பெங்களூர், புனே ஊர்களில் இருக்கின்றன. சிமுலேஷன் மென்பொருளை எழுதும் நிறுவனங்களுக்கு புனேயில் பெரிய குழுக்கள் உண்டு, அவர்களுக்கு எலிமென்ட்டை எழுதத் தெரிந்தவர்கள்தான் வேண்டும். ஆசிரியப் பணிக்குப் போக இன்னும் இரண்டு மூன்று வருடம் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி) தேவைப்படும். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கு பிஎச்.டி. முடித்து 4 வருடத்துக்குள், மேரி கியூரியின் போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு 8 வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம். அந்த ஐந்து வருடமும் மாதத் தொகை வரும், வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டாம். கூடப் படித்தவர்கள் ஐ.டி.யில் சேர்ந்து வீடு கட்டிவிடுவார்கள் என்பது உண்மை, அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. கல்யாணப் பேச்சைப் பற்றியும் கேட்டீர்கள். என் லேபில் இரண்டு பேர் பிஎச்.டி.க்கு நடுவில் கல்யாணம் செய்துகொண்டார்கள். இருவரும் முடித்துவிட்டார்கள், எனக்கு முன்னாடியே.

எங்கே பிரசுரிப்பது? எந்த மாநாடு?

பி.இ. படிக்கும்போது பணம் கட்டி “இன்டர்நேஷனல் ஜர்னல்” என்று பெயர் வைத்த எதிலோ போடச் சொல்வார்கள். போடாதீர்கள், நேர்காணலில் அது உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். நல்ல இதழ்களில் பிரசுரிக்கக் கட்டுரை எழுதியவர்கள் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மாநாடுகளில், 1955 முதல் இருக்கும் இந்தியக் கோட்பாட்டு, பயன்பாட்டு விசையியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு மாணவர்களுக்கு நல்ல தொடக்கம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உலகக் கணிப்பு விசையியல் மாநாடு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஐ.யூ.டாம். என்ற சர்வதேச விசையியல் அமைப்பின் பெரிய மாநாடு. கடைசியில் சொன்னதன் முதல் கூட்டம் 1924-இல் டெல்ஃப்ட்டில் நடந்தது.

இலங்கையிலிருந்து விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைப் பொறியியல் பீடம் எதுவானாலும் நான்கு வருடப் பட்டம் என்பதால் அமெரிக்கா, ஐரோப்பா வழிகள் மேலே சொன்னவைதான். மேரி கியூரி நிபந்தனையும் அப்படியே பொருந்தும்.

இதற்கு என்ன லேப்டாப் வாங்கலாம்?

சத்தியமாக, அதிகம் வரும் கேள்வி இதுதான். 16 ஜிபி மெமரி, லினக்ஸ் போட முடிந்தால் போதும். பெரிய கணக்குகளை லேபின் கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த அமைப்பில்) ஓட்டுவீர்கள். அந்த 400 வரி கோடை நான் ஓட்டியது வேலை பார்த்த ஊரில், மேன்ஷன் அறை நண்பனின் பழைய மடிக்கணினியில், 2 ஜிபி. துளையுள்ள தகடு, 200 எலிமென்ட், நாலு செகண்டில் முடிந்தது. விடை 2.61 என்று வந்தது.